பின்னால் வரும் கார்

(திருவருகைக் காலம் முதல் ஞாயிறு வானொலி மறையுரை)



திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு இது. இன்று மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்திலிருந்து வாசகம் கேட்டோம். வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார். வேலையாட்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுக்கிறார். வாயிற்காவலரிடம் மட்டும் தனியாக, நீ தூங்கிவிடாதே என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். இரவின் எந்தச் சாமத்தில் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சமையல்காரருக்கு வேலை உண்டு. தோட்டக்காரருக்கு வேலை உண்டு. வாயிற்காவலருக்கு என்ன வேலை? நிற்பது, பார்ப்பது. பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நடக்காது. விடிந்த பிறகு, இவன் ராத்திரி முழுக்க என்ன செய்தான் என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. இந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு ஒரு கார்ப் பந்தயம் ஞாபகம் வருகிறது. சாமியாருக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பங்கு இளைஞர்கள் புண்ணியத்தில் ஃபார்முலா ஒன் எனக்கு ஓரளவு பழக்கம். நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் அந்தப் பந்தயத்தில் ஓடியவர் என்பது உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும்.

2020 நவம்பர் 29. அதுவும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுதான். அன்று திருப்பலியில் வாசித்ததும் இதே வாயிற்காவலர் வாசகம்தான். அன்று மாலை பஹ்ரைன் நாட்டில், சாகிர் என்ற பாலைவனப் பகுதியில் பந்தயம். பஹ்ரைனில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவாலி தெரியும். அரேபியாவின் அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் நேர்ந்தளிக்கப்பட்டது அங்கேதான். அங்கிருந்து அந்தப் பந்தயத் தளம் அதிக தூரமில்லை.

மொத்தம் 57 சுற்று. விளக்குகள் அணைந்ததும் 20 கார்கள் ஒன்றாகப் புறப்பட்டன. மூன்றாவது வளைவைத் தாண்டியதும், பின்வரிசையிலிருந்து வந்த பிரான்சு நாட்டு வீரர் ரொமேன் குரோஜான் தன் காரை வலப்பக்கம் ஒடித்தார். பக்கத்தில் ரஷ்ய வீரர் க்வியாட்டின் கார் வருவதை அவர் கவனிக்கவில்லை. இவருடைய பின்சக்கரம் அவருடைய முன்சக்கரத்தில் பட்டது. அவ்வளவுதான். கார் திசைமாறி ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதியது. மோதிய வேகம் மணிக்கு 192 கிலோமீட்டர். கார் இரண்டு துண்டானது. எஞ்சின் இருந்த பின்பாதி இந்தப் பக்கம் கிடந்தது. ஓட்டுநர் உட்கார்ந்திருந்த முன்பாதி இரும்புப் பட்டைகளைப் பிளந்துகொண்டு நடுவில் செருகி நின்றது. பந்தயம் தொடங்கிய நேரம், கார் நிறைய எரிபொருள். ஒரே நொடியில் தீப்பந்தாக எழுந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், முடிந்தது என்றே நினைத்தார்கள்.

27 விநாடி கழித்து, அந்தத் தீக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்தார். ஒரு காலில் ஷூ இல்லை. கைகள் வெந்திருந்தன. தடுப்பைத் தாண்ட அவர் தடுமாறியபோது, இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அவரைப் பிடித்து இழுத்தார். அவர் டாக்டர் இயன் ராபர்ட்ஸ். பக்கத்தில் ஒரு தீயணைப்பாளர் அவர்களுக்கு வழி கிடைக்கும்படி தீயின்மேல் பொடியைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, 27 விநாடிக்குள் ஒரு டாக்டர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? நம் வீட்டுக்கு டாக்டர் வர எவ்வளவு நேரமாகும் என்று நமக்குத் தெரியும். விபத்து நடந்து 11 விநாடியில் மருத்துவக் கார் அங்கே வந்து நின்றதாகப் பின்னர் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. அது எங்கிருந்தும் கிளம்பி வரவில்லை. பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் முதல் சுற்று முழுவதும் இந்தக் கார் கடைசிக் காருக்குப் பின்னால் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சுற்றில்தான் கார்கள் நெருக்கியடித்துப் போகும், டாங்கும் நிறைந்திருக்கும். ஆபத்து அப்போதுதான் அதிகம். அந்தச் சுற்று முடிந்ததும் மருத்துவக் கார் ஒதுங்கிக்கொள்ளும். அதை ஓட்டியவர் ஆலன் வான் டெர் மெர்வ என்ற தென்னாப்பிரிக்கர். அவரே ஒரு காலத்தில் பந்தய வீரராக இருந்தவர். பந்தயக் கார்களின் பின்னால் விட்டுப்பிடிக்காமல் ஓட்டுவதற்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும். ஆனாலும் இந்தக் காருக்குப் பரிசு கிடையாது, புள்ளி கிடையாது. தொலைக்காட்சியும் அதைக் காட்டுவதில்லை. வருடத்தில் அநேகமாக எல்லாப் பந்தயங்களிலும் ஒரு சுற்று ஓடிவிட்டு, ஒன்றும் நடக்காமல் திரும்பிவிடும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1978 செப்டம்பர் 10, இத்தாலியில் மோன்சா நகரம். தொடங்கிய சில நொடிகளில் பல கார்கள் மோதிக்கொண்டன. சுவீடன் நாட்டு வீரர் ரோனி பீட்டர்சனின் கார் தீப்பற்றியது. ஜேம்ஸ் ஹன்ட்டும் வேறு சில வீரர்களும் தங்கள் கார்களை விட்டிறங்கி ஓடி அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். தீக்காயம் பெரிதாக இல்லை, கால்களில்தான் பலத்த முறிவு. நினைவோடு இருந்தார். ஆனால் ஆம்புலன்ஸ் வரக் கால் மணி நேரத்துக்கும் மேலானது. சிட் வாட்கின்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் அந்த ஆண்டுதான் பந்தயத்தின் மருத்துவராகப் பொறுப்பேற்றிருந்தார். அவர் அடிபட்டவரிடம் போகப் பார்த்தபோது, போலீசார் கைகோத்து வேலி போட்டு அவரையே உள்ளே விடவில்லை. பீட்டர்சன் மறுநாள் காலை இறந்துபோனார்.

வாட்கின்ஸ் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவக் கார் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், ஹெலிகாப்டர் வேண்டும், முதல் சுற்றில் நான் பின்னாலேயே வருவேன் என்று கறாராகக் கேட்டார். அடுத்த பந்தயத்திலேயே அது நடந்தது. அன்று தொடங்கி 42 ஆண்டுகள் அந்தக் கார் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. சாகிரில் 11 விநாடியில் வந்தது அந்தக் கார்தான். வாட்கின்ஸ் 2012-இல் காலமாகிவிட்டார். குரோஜான் எழுந்து வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஓட்டுநரின் தலைக்கு மேலே டைட்டானியம் உலோகத்தில் ஒரு வளையம் இருக்கும். அதற்கு 'ஹேலோ' என்று பெயர். புனிதர்களின் படத்தில் தலையைச் சுற்றி வரைகிறோமே, ஒளிவட்டம், அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு. 12 டன் சுமையைத் தாங்கும். இரும்புத் தடுப்பு பிளந்தபோது, அந்தப் பட்டைகள் குரோஜானின் தலையில் படாமல் ஒதுக்கிவிட்டது இந்த வளையம்தான். 2018-இல் இதைக் கட்டாயமாக்கியபோது பலரும் முகம் சுளித்தார்கள். அசிங்கமாக இருக்கிறது, பந்தயத்தின் அழகே போய்விட்டது என்றார்கள். எதிர்த்தவர்களில் குரோஜானும் ஒருவர். விபத்துக்கு மறுநாளுக்குள்ளாகவே, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, கைகளில் கட்டோடு ஒரு வீடியோவில் பேசினார். நான் அன்று வேண்டாம் என்றேன், இன்று அது இல்லையென்றால் உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார்.

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. புது வண்டி வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துக்கொள்கிறோம், மிகவும் நல்லது. செபமாலை கண்ணாடியில் தொங்குகிறது, ஹெல்மெட் டாங்கின் மேல் தொங்குகிறது. தீர்த்தம் தெளிப்பதற்கு முன் ஹெல்மெட் எங்கே என்று நான் கேட்பதுண்டு. சிலருக்கு அது பிடிப்பதில்லை. பரவாயில்லை.

இந்த விபத்தைப் பார்த்த பலரும் சொன்னது: கடவுள் காப்பாற்றினார், இது புதுமை. நன்றி சொல்ல வாய் திறப்பது நல்லதுதான். ஆனால் இறையியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அந்த ஹேலோ சும்மா வந்துவிடவில்லை. 2009-இல் ஹென்றி சர்டீஸ் என்ற 18 வயது இளைஞர் வேறொரு பந்தயத்தில், கழன்று பறந்து வந்த சக்கரம் தலையில் பட்டு இறந்தார். 2014-இல் ஜப்பானில் ஜூல்ஸ் பியான்கி தலையில் அடிபட்டு, ஒன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவர் குரோஜானைப் போலவே பிரான்சு நாட்டுக்காரர். குரோஜானைக் கடவுள் காப்பாற்றினார் என்று ஒரே போடாகச் சொல்லிவிட்டால், பியான்கியின் தாய்க்கு என்ன சொல்வீர்கள்? உங்கள் மகனைக் காப்பாற்ற அவருக்கு மனமில்லை என்றா?

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனதைப் பற்றி அவர் பேசுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் அங்கே உடைத்துப் போடுகிறார். அதற்கு மேல், ஏன் அவர்கள் என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. அவரே தராத விளக்கத்தை நாம் இழவு வீட்டில் உட்கார்ந்து தர வேண்டியதில்லை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஒருவருடைய சாவைப் பார்த்து, இது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்று மனிதர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, சண்டை போட்டு, ஒரு வளையத்தையும் ஒரு காரையும் கொண்டுவந்தார்களே, அந்த இடத்தில் கடவுளின் கை தெரிகிறது. அந்தச் சாவுகளைக் கடவுள் திட்டமிட்டார் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

சரி, தீக்குள்ளே என்ன நடந்தது? குரோஜான் பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்லாம் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்ததாம். சூரியன் மறைகிறதோ என்று நினைத்தாராம். எழப் பார்த்தார், மேலே ஏதோ தடுத்தது. உட்கார்ந்தார். மறுபடி எழப் பார்த்தார், முடியவில்லை. அப்போது நிக்கி லவுடாவை நினைத்தாராம். ஒரு கட்டத்தில் உடம்பு தளர்ந்து, இதுதான் முடிவு என்று தோன்றியிருக்கிறது. பிறகு தன் மூன்று பிள்ளைகளை நினைத்தார். அப்பா இல்லாமல் அவர்கள் வளரக்கூடாது என்று நினைத்தார். மாட்டிக்கொண்ட காலை ஷூவிலிருந்து உருவிக்கொண்டு, கை வேகும் என்று தெரிந்தே தீயில் கையை ஊன்றி எழுந்தார்.

அவர் நினைத்த நிக்கி லவுடா யார்? ஆஸ்திரியா நாட்டவர், மூன்று முறை உலகச் சாம்பியன். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியில் இதேபோல் எரியும் காரில் மாட்டிக்கொண்டார். சக வீரர்கள் நான்கு பேர் வண்டியை நிறுத்தி ஓடிவந்து அவரை இழுத்தெடுத்தார்கள். அவர்களில் மெர்சாரியோ என்பவர் தீக்குள் கைவிட்டு பெல்ட்டைக் கழற்றினார். லவுடாவின் நுரையீரல் நச்சுப்புகையால் வெந்துபோயிருந்தது. மருத்துவமனையில் கடைசித் திருவருட்சாதனம் கொடுக்க ஒரு குருவானவர் வந்தார். அதைப் பற்றி லவுடா பிற்காலத்தில் சொன்னதை நான் என் உடன் குருக்களிடம் அடிக்கடி சொல்வேன். வந்த குருவானவர் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆறுதல் இல்லை, தைரியம் இல்லை. சடங்கை முடித்துவிட்டுப் போய்விட்டாராம். லவுடாவுக்கு அதில் வந்த கோபத்திலேயே, நான் சாக மாட்டேன் என்று உறுதி பிறந்ததாம். 42 நாளில் அவர் மறுபடியும் காரில் ஏறினார், அதே மோன்சாவில். அந்தக் குருவானவரால் இப்படியும் ஒரு நன்மை விளைந்தது என்று சிரிக்கலாம். ஆனால் நோயில்பூசுதல் என்பது எண்ணெய் தடவிவிட்டு வருகிற வேலை இல்லை. பாதி நினைவில் கிடக்கிறவருக்கும் காது கேட்கும். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகும் நீங்களும் சுற்றி நின்று சொத்தைப் பற்றியும் ஆஸ்பத்திரி பில்லைப் பற்றியும் பேசாதீர்கள்.

சாகிருக்குத் திரும்புவோம். விபத்துக்குப் பிறகு பந்தயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. மற்ற 19 வீரர்களும் திரும்ப ஓட்டக் காத்திருந்தார்கள். குரோஜான் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, தொலைக்காட்சி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டது. எல்லாக் கோணத்திலும், மெதுவாகவும். ஆஸ்திரேலிய வீரர் டேனியல் ரிக்கார்டோவுக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய குடும்பத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்களே, இன்னும் சற்று நேரத்தில் நாங்களும் ஓட்டப்போகிறோமே, எங்கள் வீட்டாரும் பார்க்கிறார்களே என்று வெளிப்படையாகவே கண்டித்தார். பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்பது பலருக்கும் மறந்திருக்கும். ரிக்கார்டோ பேசியது எனக்கு மறக்கவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு தாய். கல்லூரி முடித்த ஒரே மகன். இரவில் புறவழிச்சாலையில் பைக் விபத்து. மகன் இறந்த செய்தி வீட்டுக்கு வருவதற்கு முன்னால், அந்த வீடியோ உறவுக்காரர் ஒருவரின் போனுக்கு வந்துவிட்டது. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அந்த அம்மா என்னிடம் வந்தார். அழவில்லை. "ஃபாதர், அந்தப் படத்துல என் பிள்ளை கை அசையுது. சுத்தி நிறைய பேரு நிக்கிறாங்க. யாரும் குனியல. எல்லாரும் போனைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. சாமி அதைப் பார்க்கலையா?" என்றார்.

கடவுள் பார்க்கவில்லையா என்றுதான் கேட்டார். ஆனால் நான் கேட்டபோது அந்தக் கேள்வி அங்கே நின்றவர்களைக் குத்தியது போலத்தான் எனக்குப் பட்டது. அவர்களும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள், நேயர்களே. எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது. ஒரு நொடியும் விடாமல் பார்த்தார்கள், பதிவும் செய்தார்கள். அந்த விழிப்பையா வீட்டுத் தலைவர் வாயிற்காவலரிடம் கேட்டார்? கதவைத் தட்டினால் திறப்பதற்குத்தானே அவரை அங்கே நிறுத்தினார்!

உதவப் போனால் போலீஸ், கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்கிற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இன்று சட்டம் மாறிவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது. பெயர், முகவரி கொடு என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. சட்டம் அவருக்கு வைத்திருக்கும் பெயரே நல்ல சமாரியர் என்பதுதான். நம் வேதாகமத்து மனிதர் ஒருவர் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள். யாராவது படம் எடுத்தால் குறுக்கே போய் நில்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, ஆம்புலன்ஸ் வருது என்று சொல்ல எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பந்தயம் மறுபடி தொடங்கியபோது, உடனேயே இன்னொரு கார் கவிழ்ந்து தலைகீழாக நின்றது. நல்லவேளை, ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை. கடைசியில் லூயிஸ் ஹாமில்டன் ஜெயித்தார். மூன்றாம் இடத்தில் வந்துகொண்டிருந்த மெக்சிகோ வீரர் செர்கியோ பெரெசின் எஞ்சின், முடிய மூன்று சுற்று இருக்கும்போது புகைந்து நின்றுவிட்டது. மனிதர் பாவம். அடுத்த ஞாயிறு அதே சாகிரில் மறுபடியும் பந்தயம். முதல் சுற்றிலேயே இடிபட்டுக் கடைசி இடத்துக்குப் போன அதே பெரெஸ், அத்தனை பேரையும் தாண்டி வந்து தன் வாழ்க்கையின் முதல் வெற்றியைப் பெற்றார். கதை எழுதுகிறவர்கள்கூட இப்படி எழுத யோசிப்பார்கள்.

குரோஜான் அந்த வாரம் புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். மறுநாள் வியாழக்கிழமை, நொண்டிக்கொண்டே, இரண்டு கையிலும் கட்டோடு பந்தயத் தளத்துக்கு வந்தார். ஓட்டுவதற்கு வரவில்லை. டாக்டர் ராபர்ட்சையும், வான் டெர் மெர்வையும், அன்று தீயணைத்த ஊழியர்களையும் தேடிப் போய்ப் பார்த்து நன்றி சொல்லத்தான் வந்தார். தன் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஞாயிறன்று பெரெஸ் ஜெயித்த அந்தப் பந்தயத்திலும், விளக்குகள் அணைந்ததும் எல்லாக் கார்களும் பாய்ந்து போன பிறகு, மருத்துவக் கார் வழக்கம் போல் பின்னால் புறப்பட்டது.

அடுத்த வாரம் திருமுழுக்கு யோவான் பாலைவனத்திலிருந்து வருகிறார். ஞாயிறு இதே நேரத்தில் சந்திப்போம். இறைவன் உங்களோடு இருப்பாராக.